தாடி வைத்த அரசியும் அஸ்தம்பட்டி அச்சுக்கடையும்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது அந்த டிஜிட்டல் பிரின்டிங் கடை. வாசல் முழுக்கக் கல்யாண பேனரும் காதுகுத்து பேனரும்தான். ஏற்காட்டில் நான் வரலாறு எடுக்கும் பள்ளிக்காக, எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட் பற்றி ஆறு படப்பலகைகள் அங்கே அடித்தேன். 2க்கு 3 அடி அளவு, சன்போர்டில் வினைல் ஒட்டி மேட் லேமினேஷன், பலகைக்கு 480 ரூபாய். சேலத்தில் இதைவிடக் குறைவாகவும் அடித்துத் தருவார்கள். ஆனாலும் அடுத்த வேலையும் இவர்களுக்குத்தான்.

டிசைன் பண்ணும் தம்பி படங்களைக் கண் கொடுத்துப் பார்க்கிறார், அதுதான் காரணம். முதல் பலகையிலேயே கேட்டார்: "டீச்சர், அரசின்னு போட்டிருக்கீங்க, சிலையில தாடி இருக்குதுங்களே, படம் மாறிப்போச்சுங்களா?" மாறவில்லை. கணவர் இரண்டாம் துட்மோஸ் இறந்தபோது, வாரிசான மூன்றாம் துட்மோஸ் சின்னப் பிள்ளை. அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்ட சிற்றன்னை, ஏழாம் ஆண்டுக்குள் தானே முழு ஃபாரோ, அதாவது எகிப்தின் அரசர், ஆகிவிட்டார். ஏறக்குறைய கி.மு. 1479 முதல் 1458 வரை அவர் காலம். ஒட்டுத்தாடி அரச பதவியின் அடையாளம், செங்கோல் மாதிரி. பெண் என்பதை அவர் மறைக்கவில்லை. 'ராவின் மகள்', அதாவது சூரியக் கடவுளின் மகள் என்றே பொறித்திருக்கிறார்கள்.

ஐந்தாவது பலகையில்தான் எனக்குப் பதறிவிட்டது. அரசி கட்டிய டெய்ர் எல்-பஹ்ரி கோயிலின் சுவர்ப் படத்தில் அவர் உருவம் கொத்திச் சிதைக்கப்பட்டிருக்கும். "இங்க சிதைஞ்சிருக்குதுங்க டீச்சர், பக்கத்துல இருந்து எடுத்து நிரப்பிடறேன்" என்று வேலையையே ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொன்னேன். அது மழையும் வெயிலும் செய்தது கிடையாது. அவர் இறந்து இருபது வருடம் போல ஆன பிறகு, மூன்றாம் துட்மோஸ் ஆட்சியின் கடைசிப் பகுதியில், பெயரையும் உருவத்தையும் தேடித் தேடிக் கொத்தினார்கள். கோபம் என்றால் அத்தனை வருடம் காத்திருப்பார்களா? அரசுரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு நேராக வந்தது என்று காட்டத்தான் செய்தார்கள் என்பது என் எண்ணம். பல இடங்களில் உருவத்தின் ஓரத்தை ஒட்டியே உளி போயிருப்பதால் ஆள் வடிவம் அப்படியே நிற்கிறது. அதை நிரப்பிவிட்டால் பிள்ளைகளுக்கு நான் என்னத்தைக் காட்டுவது? தம்பி கேட்டுக்கொண்டு, நிரப்பியதை எல்லாம் எடுத்துவிட்டு, உளித்தடம் தெளிவாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தார். ஆறில் அதுதான் சிறந்த பலகை. பிள்ளைகள் அதிக நேரம் நிற்பதும் அதன் முன்னால்தான்.

செங்கடல் வழியாகப் போகும் புன்ட் என்ற பழைய நாட்டுக்கு அரசி கப்பல் அனுப்பி, நறுமணப் பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கொண்டுவந்த காட்சி கொஞ்சம் வெளிறித்தான் வந்திருக்கிறது. காபி நாற்றை வேர்மண்ணோடு தூக்கிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு அது பளிச்சென்று புரிந்துவிட்டது. கர்னாக் கோயிலில் இன்றும் நிற்கும், ஏறத்தாழ 30 மீட்டர் உயர ஒற்றைக்கல் தூணை ஏழு மாதத்தில் வெட்டி முடித்ததாக அரசியே கல்லில் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தூணின் இளஞ்சிவப்பு அஸ்வான் கிரானைட் அச்சில் முதலில் செங்கல் நிறத்தில் வந்தது. சொன்னதும், காசு வாங்காமல் மறுபடி அடித்தார்கள்.

குறை என்றால் தமிழ் எழுத்து. அவர்கள் மென்பொருளில் ஒட்டியதும் 'செ'யின் கொம்பு தனியே கழன்றுகொண்டது. அரசியின் பெயரே உடைந்துபோனது. வாசகத்தை பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள். சொன்ன நாளில் கிடைக்கவும் இல்லை, மறுநாள்தான் வந்தது.

மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்ததால், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் ஆடி வந்தும் ஒரு முனைகூட மடங்கவில்லை. முகூர்த்த நாளை ஒட்டி மட்டும் போகாதீர்கள். கல்யாண பேனர் வேலையில் உங்களைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.