ஒரே வெட்டு, இரண்டு வழக்கு: பாரிமுனையும் கெல்லீஸும்

சென்னை காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் ஓர் இளைஞரை மூவர் வெட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டான்லி மருத்துவமனையில் உயிர் பிழைத்துக் கிடக்கிறார். வெட்டியவர்களில் இருவருக்கு வயது 19, ஒருவனுக்கு 17. இளைஞரின் தாய்க்கு இது ஒரே வழக்கு. சட்டத்துக்கு இரண்டு. சிறாரையும் பெரியவரையும் சேர்த்து விசாரிக்கக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பெரியவர் இருவருடைய வழக்கு பாரிமுனையில் உள்ள குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். சிறுவனுடைய வழக்கு, 18 வயது நிறையாதவர்களின் வழக்குகளை விசாரிக்கும், கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இரண்டு வாசலிலும் அந்தத் தாய்க்கு ஒரே அளவு உரிமை கிடைப்பதில்லை.

முதலில் ஜாமீன். பாரிமுனையில் குற்றத்தின் கடுமைக்கு எடை உண்டு. பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கெல்லீஸில் ஜாமீன்தான் பொது விதி. விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். ஆகவே காயத்தின் ஆழத்தைச் சொல்லி அழுவதால் அங்கே பலன் குறைவு. "அந்தக் கும்பல் இன்ன தேதியில் வீட்டு வாசலுக்கு வந்து மிரட்டியது" என்று எழுதிக் கொடுங்கள். குழுமம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

"17 வயதுதானே, பெரியவனாகவே விசாரிப்பார்கள்" என்று காவல் நிலைய வாசலில் யாராவது ஆறுதல் சொல்வார்கள். நம்ப வேண்டாம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றங்களில்தான், 16 வயது நிறைந்தவரை அப்படி விசாரிக்கலாமா என்று குழுமம் மதிப்பிடும். கொலை அதில் அடங்கும். கொலை முயற்சி அடங்காது. ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி இருந்தாலும், அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. உச்ச நீதிமன்றம் 2020-ல் இதைத் தீர்த்துவைத்தது, 2021 திருத்தம் சட்டத்திலும் எழுதிவிட்டது. சிறுவனுக்குக் கிடைக்கக்கூடியது, சிறாரைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு.

மேல்முறையீட்டில்தான் என் மனம் ஆறவில்லை. பாரிமுனையில் இருவரும் விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. கெல்லீஸில் இந்தச் சிறுவனைக் குழுமம் விடுவித்தால் மேல்முறையீடே கிடையாது. உத்தரவு சட்டப்படி சரிதானா என்று பார்க்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம், அவ்வளவுதான். ஒரு சிறுவனைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்த முயல்வதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். தீர்ப்பு தவறு என்று சொல்ல வெட்டுப்பட்டவருக்கு வழி விடுவதால் அந்த முயற்சி எப்படிக் கெட்டுப்போகும்?

ஆவணங்களில் மட்டும் கெல்லீஸின் கை ஓங்கியிருக்கிறது. வழக்கு ஆவணங்களும் உத்தரவுகளும் பாதிக்கப்பட்டவருக்கு மறுக்கப்படக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 99(2) பிரிவு நேரடியாகவே சொல்கிறது. "இது சிறார் வழக்கு, ரகசியம், தர மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். பாரிமுனையில் குற்றப்பத்திரிகையின் நகல் பெற, வழக்கறிஞர் ஒருவர் உங்களுக்காக ஆஜராகியிருக்க வேண்டும்.

ரகசியம் உங்களையும் கட்டுப்படுத்தும் இடம் ஒன்று உண்டு. அந்தச் சிறுவனின் பெயரையோ படத்தையோ தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆத்திரத்தில் கைபேசியை எடுத்தால் வெட்டுப்பட்ட குடும்பமே குற்றவாளியாகிவிடும்.

இழப்பீட்டுக்கு மட்டும் எந்த வாசல் என்பது பொருட்டல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவின்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் சான்று இருந்தால் உடனடி மருத்துவ உதவிக்கும் ஆணைக்குழு உத்தரவிடலாம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும். அதையும் ஸ்டான்லியின் காயச் சான்றையும் முதல் நாளே இரண்டு படி எடுத்து, தனித்தனி உறையில் போட்டு, மேலே ஊர்ப் பெயரை எழுதிவையுங்கள். ஒன்றில் பாரிமுனை, இன்னொன்றில் கெல்லீஸ்.