கடன் வாங்கி எம்.எஸ்.ஸா, உதவிப்பணியோடு பிஎச்.டி.யா?

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இந்த இரண்டில் எது என்று ஒரு பல்கலைக்கழகத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். கல்லூரி தொடங்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்த 1862-ஆம் ஆண்டு மோரில் சட்டத்தால் உருவான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள பர்டியூ. அங்கே இளநிலை படிக்கும் உள்மாநிலத்தவருக்கு ஆண்டுக் கட்டணம் 10,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. வெளிமாநிலத்தவருக்கு 28,000-ஐத் தாண்டும். மேற்படிப்பிலும் இதே பாகுபாடு உண்டு. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அந்த உள்மாநிலக் கட்டணம் கிடையாது.

எம்.எஸ். சுமார் இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். ஆனால் கட்டணம், வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் பெரும்பாலும் சொந்தப் பணம் அல்லது கடன். போனதும் உதவிப்பணி (படித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்குச் செய்யும் கற்பித்தல் அல்லது ஆய்வு வேலை) கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதற்கு உறுதி இல்லை.

பிஎச்.டி.யில் பொதுவாக வாரம் 20 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வக வேலை. பதிலுக்குக் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடியாகும், மாதச் சம்பளமும் வரும். சரி, ஐந்தாறு ஆண்டு ஆகுமே? ஆய்வில் உண்மையான ஆசை இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், பாதியில் மனம் விட்டுப்போகும்.

அனுமதிக் கடிதத்தில் இரண்டைக் கட்டாயம் பாருங்கள்: உதவி எத்தனை ஆண்டுக்கு, கோடை மாதங்களிலும் சம்பளம் உண்டா.