திரையில் ஒரு கோடு, தகட்டில் இரண்டு வெட்டு: ஆறு ஆண்டு டிஎக்ஸ்எஃப் அனுபவம்

ஆறு ஆண்டுகளாகக் கேட் (கணினி வழி வரைதல்) மென்பொருளில் வரைந்து, தகடு வெட்டும் லேசர் இயந்திரத்துக்கும் சுழலும் முனையால் வெட்டும் ரூட்டருக்கும் டிஎக்ஸ்எஃப் என்ற வகை வரைபடக் கோப்புகளை அனுப்பி வருகிறேன். என்னிடம் வீணான தகடுகளில் பெரும்பாலானவை வடிவமைப்புப் பிழையால் வீணானவை அல்ல. சரியாக வரைந்ததைச் சரிபார்க்காமல் எக்ஸ்போர்ட் செய்ததால் வீணானவை.

எனக்கு அதிக நஷ்டம் தந்தது இரட்டைக் கோடு. 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டிய பெட்டிப் பலகை ஒன்றில் மூன்று ஓரங்கள் கண்ணாடியாய்ப் பளபளக்க, நான்காவது ஓரம் மட்டும் உருகி வழிந்து, விரல் வைத்தால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. வேகத்தையும் பவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்த பிறகு, அந்த ஓரக் கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அதே இடத்தில் இன்னொரு கோடு அப்படியே கிடந்தது. இரண்டு பலகைகளை ஒட்டி வரைந்திருந்ததால் பொது ஓரம் இருமுறை பதிவாகி, லேசரும் அதன்மேல் இருமுறை ஓடியிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை ஆட்டோகேடின் ஓவர்கில் கட்டளை நீக்கிவிடும். அதை இயக்காமல் இப்போது ஒரு கோப்பையும் நான் அனுப்புவதில்லை.

அடுத்தது மூடாத விளிம்பு. மூலையில் 0.02 மி.மீ. இடைவெளி இருந்தாலும், உள்ளே எது, வெளியே எது என்று வெட்டும் மென்பொருளால் பிரித்தறிய முடியாமல் போகலாம். அப்போது வெட்டு அகலத்துக்கான ஈடு (வெட்டில் கரையும் அகலத்துக்கேற்பப் பாதையை நகர்த்துவது) அந்த வடிவத்துக்குக் கிடைக்காது, துளை பெரிதாகிவிடும். ஆட்டோகேடின் பெடிட் கட்டளையில் ஜாயின் (இணைப்பு) கொடுத்து எல்லாவற்றையும் மூடிய பாலிலைன்களாக்குவதே, அதாவது துண்டுகள் சேர்ந்த ஒரே தொடர்கோடுகளாக்குவதே, நல்லது. ஆனால் இணைப்புத் தூரத்தைத் தாராளமாகக் கொடுத்தால் சேரக்கூடாத முனைகளும் சேர்ந்துவிடும் என்பதால், நான் 0.05 மி.மீ.க்கு மேல் போவதில்லை.

வளைவுகளில் பொறுமை வேண்டும். 1992 இல் வந்த ஆர்12 என்ற பழைய டிஎக்ஸ்எஃப் கோப்பு வடிவத்தில் ஸ்ப்லைன் (நெகிழ்வான மென்வளைவு) என்ற பொருளே கிடையாது. பழைய கட்டுப்பாட்டுக் கருவிக்காக அந்த வடிவத்தில் சேமிக்கும்போது வளைவு நூற்றுக்கணக்கான குட்டி நேர்கோடுகளாக நொறுங்கி, இயந்திரம் தடுமாறித் தடுமாறி ஓடி, ஓரத்தில் பட்டை பட்டையாகத் தடம் விழுகிறது. அதனால் வட்ட வில்களாலேயே வளைவை அமைக்கப் பழகிக்கொண்டேன்.

அளவு குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்12 கோப்பில் வெறும் எண்களே இருக்கின்றன; மில்லிமீட்டரில் வரைந்த 100, அங்குலமாகப் படிக்கப்பட்டால் 2540 மி.மீ. ஆகிவிடும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். எஸ்விஜி என்ற வேறு வகை வரைபடக் கோப்பு வழியே வரும் பிழைதான் ஆபத்தானது: அங்குலத்துக்கு 90 பிக்சல் கணக்கில் சேமித்ததை 96 என்று படித்தால் 100 மி.மீ. துண்டு 93.75 மி.மீ. ஆகச் சுருங்கும், பொருத்திப் பார்க்கும்வரை தெரியாது. இதற்காகவே 100 மி.மீ. சதுரம் ஒன்றைத் தனி லேயரில் (வரைபட அடுக்கில்) சேர்த்து அனுப்புகிறேன். இயந்திரத்தின் திரையில் முதலில் அதை அளந்துவிட்டு, அந்த லேயரை அணைத்த பிறகே வெட்டத் தொடங்குகிறேன்.