சைக்கிள் செயினுக்கு ஒயிலோ மெழுகுதிரியோ?

2022இலை பெற்றோல் வரிசையிலை நிண்டு அலுத்துப்போய் அப்பாவின்ரை பழைய லுமாலா சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தனான், பேந்து பெற்றோல் ஒழுங்கா வந்தாப்பிறகும் அதை விடேல்லை. கோப்பாயிலை இருந்து யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்வர 12 கிலோமீற்றர் மட்டிலை, கிழமையிலை ஆறு நாள். இதுக்கிடையிலை ஆக்கள் சொன்னதெல்லாத்தையும் செயினுக்குப் பூசிப் பாத்தாச்சு. இப்ப நான் மெழுகுதிரிப் பக்கம், அதை முதலே சொல்லிப்போடுறன்.

கழிவு ஒயில் சும்மா கிடைக்கும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள்ளை தேஞ்ச இரும்புத்தூளும் கரியும் அதுக்குள்ளையே கிடக்கு, கையிலை படுறதும் கூடாது. தேங்காயெண்ணை நாள்போகப் பிசுபிசுத்துப்போகும். கிறீஸ் பெயரிங்குக்கு நல்லது, ஆனா செயின் தேயிறது வெளியிலை இல்லை, உள்ளுக்கை ஆணிக்கும் அதைச் சுத்தி இருக்கிற புஷ்சுக்கும் இடையிலை, தடிச்ச கிறீஸ் அங்கை போகாமல் வெளியிலையே நிக்கும். நான் கிறீஸ் பூசிக்கொண்டு போன அண்டைக்கு சைக்கிள் கடை ஐயா ஒருக்காக் குனிஞ்சு பாத்திட்டு, "தம்பி, நீர் உதைப் பூசினதுக்கு தோட்டத்து மண்ணை அள்ளிப் பூசியிருக்கலாம்" எண்டார்.

அப்ப மிச்சம் ரெண்டுதான், தையல் மெசின் ஒயிலும் மெழுகும்.

தையல் மெசின் ஒயிலைக் குறை சொல்ல ஏலாது. மெல்லிசு, உருளைக்கு ஒரு சொட்டு விட்டுப் பெடலைப் பின்பக்கமாச் சுத்தினால் உள்ளுக்கை இறங்கிடும், வெளியிலை நிக்கிறதைத் துணியாலை துடைச்சால் சரி, பத்து நிமிசம் காணும். சத்தமே இல்லாமல் ஓடும். ஃபுல் செயின் கவர் இருக்கிற சைக்கிளெண்டால் நீங்கள் இதோடையே நிக்கலாம், மெழுகுக் கரைச்சல் தேவையில்லை.

என்ரை சைக்கிளிலை கவர் எப்பவோ கழண்டு போச்சு. எங்கடை பக்கம் செம்மண், சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, அடிக்கேக்கை மா மாதிரிப் பறக்கும். ஒயில் பூசி மூண்டாம் நாள் செயினை விரலாலை தொட்டுப் பாத்தால் கறுப்பும் சிவப்புமா ஒரு களி, ரெண்டு விரலுக்கிடையிலை வைச்சுத் தேய்ச்சால் நறநறக்கும். அந்த நறநறப்புத்தான் செயினைத் தின்னுறது. அதாலை ஒவ்வொரு ஞாயிறும் துடைச்சு, மாசத்துக்கொருக்கா செயினைக் கழட்டி மண்ணெண்ணையிலை ஊறப்போட்டுக் கழுவி, பேந்து அந்த ஊத்தை மண்ணெண்ணையை எங்கை ஊத்திறதெண்டு யோசிச்சு, வேட்டியிலை பட்ட கறைக்கு வீட்டிலை பேச்சும் வாங்கி, என்ரை அரைவாசி ஞாயிறு இதிலைதான் போனது.

மெழுகுக்கு முதல்முறைதான் பாடு. செயினிலை எண்ணெய்ப் பசை துளியும் நிக்கக்கூடாது, மண்ணெண்ணையிலை கழுவி, கடைசியாக் கொஞ்சம் பெற்றோலிலை அலசி, அடுப்படிக்குக் கிட்டவும் கொண்டுபோகாமல் வெயிலிலை நல்லாக் காயவிடோணும். பால்மா ரின்னுக்குள்ளை வெள்ளை மெழுகுதிரியை முறிச்சுப் போட்டு, அந்த ரின்னைக் கொதிதண்ணிச் சட்டிக்குள்ளை வையுங்கோ, நேரா நெருப்பிலை வைச்சால் பத்திக்கொள்ளும். உருகினாப்பிறகு செயினை இறக்கினால் கண்ணிக்குள்ளை இருந்து சின்னச் சின்னக் குமிழியா வரும், அது நிக்குமட்டும் விட்டு, கம்பியாலை தூக்கிக் கொழுவினால் ஆறி விறகுக்கட்டை மாதிரி நிக்கும், பயப்பிடாதேங்கோ, நாலு சுத்துச் சுத்த இளகிடும். அதுக்குப் பிறகு எனக்கு மூண்டு நாலு கிழமைக்கு ஒரு வேலையும் இல்லை. தூசி ஒட்டாது, விரலாலை தொட்டால் விரல் சுத்தம். சத்தம் கீச்சிடத் தொடங்கினால் கொதிதண்ணியிலை அலசிக் காயவைச்சுத் திரும்ப மெழுகு, மண்ணெண்ணை வேண்டாம்.

தேய்மானம் பாக்கிறதெண்டால் அடிமட்டம் காணும். புதுச் செயினிலை 24 கண்ணி சரியா 12 அங்குலம், அது ஒரு நூல், அதாவது அங்குலத்திலை எட்டிலொரு பங்கு, கூடினால் செயினை மாத்தோணும், விட்டால் பல்லுச் சக்கரத்தையும் தின்னும். என்ரை மெழுகுச் செயின் எட்டு மாசத்துக்குப் பிறகும் அரை நூலுக்கு உள்ளைதான். ஆனா ஒயில் போட்ட செயின் நான் தொடங்கேக்கையே பழசு, அதாலை ரெண்டையும் பக்கத்திலை வைச்சு ஞாயம் சொல்ல எனக்கு வாயில்லை.

மழைக்கு மெழுகு சரிவராது. ஐப்பசியிலை ஒரு நாள் நனைஞ்ச செயின் விடியப் பாக்க மஞ்சள் துரு, மெழுகு ஒயில் மாதிரி ஓடிவந்து திரும்ப மூடாதுதானே. அதாலை ஐப்பசியிலை இருந்து மார்கழி மட்டும் நான் ஒயிலுக்கு மாறிடுவன். பண்ணைப் பாலத்தாலை தீவுப்பக்கம் தினமும் போய்வாற ஆக்களுக்கு உப்புக்காத்து வேறை, நான் அதாலை நாலைஞ்சு தரம்தான் ஓடினது, அவையள் ஒயிலோடை நிக்கிறதுதான் புத்தி எண்டு நினைக்கிறன்.

இன்னொண்டு, செயினைத் திரும்பப் போடேக்கை, ரெண்டு நுனியையும் பூட்டுற லொக் கிளிப்பின்ரை மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கோணும். நான் ஒருக்கா மாறிப் போட்டு, இருபாலைச் சந்தியிலை கிளிப் பறந்து, கலியாணவீட்டு வேட்டியோடை வீடுமட்டும் தள்ளிக்கொண்டு வந்தனான்.