ஏசி சுத்தம்: நாமே செய்வதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா?

சித்திரை வெயில் தொடங்கினாலே தெரிந்தவர்கள் கேட்பது இதைத்தான். ஸ்பிளிட் ஏசியை வைத்துச் சொல்கிறேன்.

செலவு: நாமே கழுவினால் ஒன்றுமில்லை. மெக்கானிக் வந்தால் சில நூறு ரூபாய்.

நேரம்: ஃபில்டருக்குப் பத்து நிமிடம், நிழலில் காய்வது தனி. மெக்கானிக் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் சர்வீஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

எதுவரை சுத்தமாகும்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். மெயினை அணைத்து, முன்மூடியைத் திறந்து ஃபில்டர் வலையை உருவினால், சாம்பல் நிறக் கம்பளிபோல் தூசி அப்பியிருக்கும். அது போனாலே காற்று நன்றாக வரும். ஆனால் உருளை விசிறியில் ஒட்டிய கறுப்புப் பிசுக்கும், தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாயில் சேரும் வழவழப்பான அழுக்கும் நம் கைக்கு எட்டாது. சுவரில் தண்ணீர் வழிவது பெரும்பாலும் அந்தக் குழாய் அடைப்பால்தான்.

"கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். குளிரூட்டும் அந்த கேஸ், ஏசி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் நம் வேலை. கோடைக்கு முன்பும், தண்ணீர் சொட்டினாலும், வாடை அடித்தாலும் மெக்கானிக். சாலையோர வீடென்றால் வருடத்துக்கு இருமுறை கூப்பிடுங்கள்.