கம்பளம் கழுவும் இயந்திரம்: தோட்டப்புற வீட்டில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் கம்பளம் கழுவும் இயந்திரம் வாங்க நினைத்தால், அது எவ்வளவு வேகமாக நீரைப் பீய்ச்சுகிறது என்பதைவிட, பீய்ச்சிய நீரை எந்த அளவுக்குத் திரும்ப உறிஞ்சுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் எந்நேரமும் ஈரம் இருக்கிறது. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் துணியே காய்வதில்லை. ஓரிரு நாள்களில் காயாத கம்பளத்தின் அடியில் பூஞ்சை பிடித்து, கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான வாடை வீசும்.

சில ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் இயந்திரத்தின் உறிஞ்சுவாய் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்கால் ஆனது. நீர் பீய்ச்சும் விசையை விட்டுவிட்டு மெதுவாகப் பின்னோக்கி இழுக்கும்போது, செம்மண் நிறத்தில் நுரைத்த நீர் அதன் வழியே ஏறுவது தெரியும். அது குறைந்து, கடைசியில் சில துளிகள் மட்டும் நடுங்கிக்கொண்டு நிற்கும்வரை அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால், அதன்பின் மின்விசிறியே காயவைத்துவிடும். இந்தத் தெளிவான வாய் இல்லாத இயந்திரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிச் செல்லும் லாரிகள் கிளப்பும் தூசு கம்பளத்தின் அடிவரை இறங்கிவிடுகிறது. அதை முதலில் சாதாரணத் தூசி உறிஞ்சியால் எடுத்துவிடாமல் நனைத்தால், தூசு சேறாகி இழைகளின் வேரில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்கார நீரைத் தாராளமாக ஊற்றுவதும் வேண்டாம். மிஞ்சிய சவர்க்காரம் பிசுபிசுப்பாக நின்று புதிய அழுக்கை இழுப்பதோடு, அழுக்குநீர்த் தொட்டியில் நுரை பொங்கி உறிஞ்சும் விசையையும் குறைத்துவிடும். ஆகவே இறுதியில் வெறும் நீரால் ஒருமுறை அலசி எடுப்பதை நான் தவறவிடுவதில்லை.

தேத்தண்ணீர் சிந்திய இடம், சோபா, கார் இருக்கை ஆகியவற்றுக்குக் கையில் தூக்கும் சிறிய வகையே போதும். தீபாவளிக்கு முன் கூடம் முழுவதும் விரித்த கம்பளத்தைக் கழுவ வேண்டுமானால், நின்றபடி தள்ளும் பெரிய வகைதான் முதுகுக்கு நல்லது. நீராவி பாய்ச்சும் கருவிகளில் பல, நீரைத் திரும்ப உறிஞ்சுவதில்லை. அவற்றை இதற்கு மாற்றாக எண்ணக்கூடாது. கம்பளி, பட்டு, சணல் ஆகியவற்றால் நெய்தவற்றை நனைக்கும் முன் அவற்றின் பராமரிப்புக் குறிப்பைப் படிப்பது அவசியம், ஏனெனில் அவை சுருங்கவோ நிறம் மாறவோ கூடும்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான கருவி 120 வோல்ட்டில் இயங்கும். நம் வீட்டு இணைப்போ ஏறத்தாழ 240 வோல்ட். ஈப்போவிலோ உள்ளூரிலோ மாற்றுத் தூரிகையும் குழாயும் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விலையில் சில ரிங்கிட் மிச்சமாவதைவிட அது முக்கியம். வேலை முடிந்ததும் நல்லநீர், அழுக்குநீர் ஆகிய இரு தொட்டிகளையும் கழுவி, மூடியைத் திறந்தே காயவைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை இயக்கும்போது தேங்கிய நீரின் நாற்றம் வீடெங்கும் பரவும்.