சுரங்கத்தை மூடுவதா, தோண்டுவதா?

வெள்ளி குறைந்தால் பழைய ஐரோப்பியச் சுரங்கக்காரருக்கு இரண்டு வழி. ஒன்று, வயலைத் தரிசு போடுவதுபோல் மூடிவிட்டுக் காத்திருப்பது. மண்ணுக்குள் உலோகம் மறுபடி விளையுமாம். இத்தாலியின் எல்பா தீவின் இரும்பு தோண்டத் தோண்ட ஊறும் என்பது பழங்காலத்துப் பேச்சு. தென் அமெரிக்க வெள்ளிச் சுரங்க நகரமான பொட்டோசியில் இருந்த பாதிரியார் ஆல்வரோ அலோன்சோ பார்பாவும் 1640-இல் அதையே எழுதினார்: முன்பு கழித்துப்போட்ட கற்களில் பின்னாளில் வெள்ளி கிடைத்ததாம். இடையில் பாதரசத்தால் கல்லிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்ததே, மாறியது கல்லா, கைப்பக்குவமா?

மற்றது, நீரை இறைத்துவிட்டு இன்னும் ஆழம் போவது. செலவு பயங்கரம். 1556-இல் பாசலில் அச்சான சுரங்கத்துறை அறிஞர் அக்ரிகோலாவின் நூலில் இறைப்பு இயந்திரப் படங்களே பக்கம் பக்கமாக வரும். மூடிவைப்பதற்குக் காசு வேண்டாம். ஆனாலும் நான் அக்ரிகோலா பக்கம்தான்.